மணப்பெண் அறைக்கு மேலால போன பைப்

பைப்புக்குப் படம் கீறுறது எண்டா சனம் கொட்டாவி விடும். வெள்ளவத்தைச் சந்தையில ஒருக்கா எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் என்னைப் பிடிச்சு, "நீங்கள் பிளம்பிங் பக்கம்தானே" எண்டு தொடங்கி, தன்ர வீட்டுச் சிங்க் அடைப்பைப் பற்றிக் கன நேரம் விளக்கம் கேட்டவர். நானும் மீன் பையைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னனான். என்ன செய்யிறது, எங்கட பைப்புக்குள்ள தண்ணி ஓடாது, அது வருசக்கணக்கா வெறுமையாக் கிடந்து ஒரே ஒரு நாள் வேலை செய்யிற பைப் எண்டு சந்தையில நிண்டு விளங்கப்படுத்தேலுமே?

பிள்ளையள், நீங்கள் இந்த வேலைக்குப் புதுசா வந்திருக்கிறியள். கணக்கு, நொசில் அளவு, வளைவுக்கு எவ்வளவு அழுத்தம் குறையும் எல்லாம் படிச்சிருக்கிறியள். அதை நான் திருப்பிச் சொல்லி உங்களை நித்திரையாக்க மாட்டன். ஒரு கல்யாண மண்டபத்தின்ர கதையைச் சொல்லுறன். நான் வேலையில இருந்து ஓய்வு பெறக் கொஞ்சம் முந்தி நடந்தது. இப்ப நினைச்சாலும் எனக்குச் சந்தோசமும் பயமும்தான். அண்டைக்கு மாதிரியே இரண்டும் ஒண்டாத்தான் வருது.

மண்டபம் கொழும்பு கொட்டாஞ்சேனையில. முதலாளிக்குப் புறக்கோட்டையில துணி மொத்த வியாபாரம். தாத்தா காலத்தில இந்தியாவில இருந்து வந்த குடும்பம். மனிசனுக்கு ஒரே ஒரு மகள். இந்த மண்டபத்தில முதல் கல்யாணம் என்ர மகளின்ர கல்யாணமாத்தான் இருக்கவேணும் எண்டு நேர்ந்து கட்டினவர். ஏசி, லிஃப்ட், சர விளக்கு எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கப் பெரிய மின்னறை ஒண்டு. அதுக்குள்ள நெருப்புப் பிடிச்சா தண்ணி அடிக்கேலாது. அதால காபனீரொட்சைட், சீ ஓ டூ எண்டுற வாயு. புகை கண்டா சிலிண்டர் தானாத் திறந்து, பைப்பால வாயு வந்து, அறையில இருக்கிற காத்தைத் தள்ளிப்போட்டுத் தான் இருந்துகொள்ளும். நெருப்புக்கு மூச்சு இல்லாமல் போகும். உள்ளுக்கு ஆள் நிண்டா ஆளுக்கும் மூச்சு இல்லாமல் போகும்.

அதுக்காகத்தான் நாங்கள் பைப்பில ஒரு வால்வு வைக்கிறம். மின்னறைக்குள்ள ஆரும் போக முதல் அதைக் கையால மூடவேணும். மூடினா, சிலிண்டர் திறந்தாலும் வாயு வால்வோட நிண்டிடும். ஆனா நிக்கிற வாயு சும்மா நிக்காது. அடைபட்ட பைப்புக்குள்ள குளிரா வந்த திரவம் சூடேறி விரியும். இடம் காணாட்டிப் பைப்பையே பிளக்கும். அதால வால்வுக்கு முன்னால ஒரு மெல்லிய தகடு வைக்கிறம். அழுத்தம் மிஞ்சினா அது கிழிஞ்சு வாயுவை வெளியில விடும். இந்த வால்வையும் தகட்டையும் மனதில வைச்சிருங்கோ, கதை முழுக்க இந்த இரண்டிலதான் தொங்குது.

நான் கீறின படம் வடிவா இருந்தது, சொல்லுறதில எனக்கு வெக்கம் இல்லை. மின்னறை வாசலோட ஒட்டின சின்ன அறையில சிலிண்டர். வாசலில வால்வு. பக்கத்தில தகடு, அதில இருந்து ஒரு குழாய் வெளிச்சுவருக்கு அங்கால திறந்த வெளிக்கு. உள்ளுக்குப் போன பைப் நடுவில இரண்டாப் பிரிஞ்சு இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே வளைவு. வாயு சீறி வாற எந்த நொசில் வாய்க்கும் கூடக் குறையப் போகாது. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சால் சீனி போடத் தேவையில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலமை, முடிஞ்ச வேலையைச் சரி பார்த்துக் கையெழுத்து வைக்கிறதுக்காக நான் வெள்ளவத்தைக் காலி வீதியில பஸ் எடுத்து, பிறகு த்ரீவீலில கொட்டாஞ்சேனைக்குப் போய் இறங்கினனான். வாசலில வாழை கட்டுறாங்கள், மேடையில பூ குத்துறாங்கள். மின்னறைப் பக்கம் போய்ப் பார்த்தால், நான் சிலிண்டர் வைக்கச் சொன்ன அறைக்குள்ள விளக்குமாறும் வாளியும் நிக்குது.

பைப் பூட்டுற வேலையை எடுத்த கொந்தராத்துக்காரரின்ர மேற்பார்வை பாஸ் சமன். நல்ல வேலைக்காரன், பயந்த சுபாவம். "சமன் பாஸ், சிலிண்டர் எங்க?" எண்டு கேட்டன்.

"மிஸ்சுக்குப் போன்ல சொன்னது தானே, கொஞ்சம் தள்ளி வைச்சது."

"கொஞ்சம் எண்டா?"

அவர் மண்டபத்தின்ர மற்ற அந்தத்தைக் கையால காட்டினார். பின்சுவரோட சேர்த்துக் கட்டின, தகரக் கூரை போட்ட ஒரு ஒட்டறை. அங்க நிக்குது என்ர சிவப்புச் சிலிண்டர் எல்லாம் வரிசையா, ஒவ்வொண்டுக்கும் கழுத்தில சந்தனப் பொட்டு வேற.

விசயம் இதுதான். வாஸ்து பார்க்கிறவர் வந்து பார்த்திட்டு, முதல் இடம் ஈசான மூலை, அங்க பாரம் நிக்கக் கூடாது, பாரம் எல்லாம் கன்னி மூலைக்குப் போகவேணும் எண்டிட்டார். முதலாளி சொல்ல, சமன் தூக்கி வைச்சிட்டார். எனக்கு வாஸ்துவில கோவம் இல்லை. எங்க வைக்கச் சொன்னாலும் பைப் கீறத் தெரியும் எனக்கு. ஆனா சிலிண்டரைத் தூக்கினவை படத்தைத் தூக்கேல்லை. "மத்தது எல்லாம் படத்தில இருக்கிறபடிதான் மிஸ்" எண்டார் சமன், நல்ல பிள்ளை மாதிரி.

முதல் என்ன பார்த்தனான்? நீங்களும் அதைத்தான் பார்ப்பியள். பைப் நீண்டிட்டுது, நீண்டால் அழுத்தம் குறையும், வாயு நேரத்துக்குப் போய்ச் சேருமோ எண்டு. பந்தி வைக்கிற மேசையில லப்டொப்பைத் திறந்து, சமன் அளந்து சொல்லச் சொல்லக் கணக்குப் போட்டன். ஒரு அளவு பெருத்த பைப் போட்டிருந்தினம், சரியா வந்துது. சமனுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் அப்பாடா எண்டு இருந்தது. இந்த அப்பாடா இருக்கே, பிள்ளையள், அதுதான் எங்கட வேலையில ஆகப் பொல்லாத சாமான். கணக்குச் சரி வந்தவுடன மனம் வீட்டுக்குப் போயிடும். நல்ல காலம், என்ர பிடிவாதக் கால் அங்கயே நிண்டுது. பைப் போற வழி முழுக்க நடந்து பார்த்திட்டுத்தான் கையெழுத்து எண்டு சொன்னன்.

ஒட்டறைக்கும் மின்னறைக்கும் நடுவில, மின்னறையோட ஒட்டி, படத்தில ஸ்டோர் எண்டு போட்ட அறை. கதவைத் திறந்தன். ஸ்டோரும் இல்லை மண்ணும் இல்லை. சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி அடுக்கடுக்காப் பல்பு, புது சீலிங், ஏசி, ஒரு சிவப்புக் கதிரை. மணப்பெண் அறை. யன்னல் ஒண்டும் இல்லை, வெளிச்சம் உள்ளுக்கு வந்தால் மேக்கப் சரியாத் தெரியாதாம்.

நான் சீலிங்கை அண்ணாந்து பார்த்தன். பைப் அதுக்கு மேலால போகுது.

"சமன் பாஸ், வால்வு எங்க?"

"மின்னறை வாசல்ல. படத்தில இருக்கிறபடி."

"அந்தத் தகடு?"

"வால்வுக்கு முன்னால. படத்தில இருக்கிறபடி." பிறகு அவரும் அண்ணாந்து பார்த்தார்.

வால்வு பழைய இடத்தில, மின்னறை வாசலில. சிலிண்டர் மண்டபத்தின்ர மற்றத் தொங்கலில, ஒட்டறையில. வால்வுக்கு முன்னால எண்டால் இப்ப இந்தச் சீலிங்தான். தகடு மணப்பெண்ணின்ர கதிரைக்கு நேர மேல, வாய் திறந்தபடி; பக்கத்தில வெளிச்சுவர் இல்லாததால படத்தில இருந்த குழாயை மட்டும் விட்டிட்டினம். பல்புச் சூடு முழுக்க மேல போய் அங்கதான் அடையும். வால்வு மூடியிருக்கேக்க சிலிண்டர் திறந்தால், வாயு பைப்பை நிரப்பி, சூடேறி, தகட்டைக் கிழிக்கும். கிழிஞ்சால் பைப்பில இருக்கிறது மட்டும் இல்லை, சிலிண்டர் எல்லாத்தில இருக்கிறதும் அந்த வழியாலதான் இறங்கும். யன்னல் இல்லாத அறைக்குள்ள.

நான் முதலாளியைக் கூப்பிட்டன். அவர் வெள்ளை வேட்டியோட, காதில போனோட வந்தார். விசயத்தைச் சொன்னன். நிதானமாக் கேட்டார், அதுக்கு நான் அவரை மெச்சவேணும்.

"அவ்வளவுதானேம்மா? வால்வை மூடி வச்சிடுங்க. கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

ஆரும் அப்பிடித்தான் சொல்லுவினம். மூடினா பத்திரம் எண்டுதானே நினைப்பம். நான் கேட்டன், "முதலாளி, நாளைக்கு மின்னறைக்குள்ள பூசை இருக்கோ?"

"பின்னே? புதுக் கட்டடம். ஒவ்வொரு ரூமுக்கும் நானே சாம்பிராணி காட்டணும். மெயின் சுவிட்சுக்குக் கண்டிப்பா காட்டணும்."

"அப்ப சொல்லுறன் கேளுங்கோ. நீங்கள் உள்ளுக்குப் போகேக்க வால்வை மூடுவினம். சாம்பிராணிப் புகையை மேல இருக்கிற கருவி நெருப்பெண்டு நினைக்கும். சிலிண்டர் திறக்கும். வால்வு மூடியிருக்கிறதால உங்களுக்கு ஒண்டும் ஆகாது. வாயு இங்க நிக்கும், உங்கட மகளின்ர தலைக்கு மேல. கொஞ்ச நேரத்தில இதுக்குள்ள கொட்டும். உங்களைக் காப்பாத்திற வால்வுதான் பிள்ளையைக் கொல்லும்."

அவர் போனைக் காதில இருந்து எடுத்தார். "அப்போ நாளைக்கு மட்டும் மொத்தமா கழட்டி வச்சிடலாமா?"

அதையும் நான் யோசிச்சனான். கழட்டி வைக்கலாம். ஆனா புது வயரிங், முழு ஏசியும் முழு விளக்கும் முதல் தரம் ஒண்டா ஏறப்போகுது, மண்டபம் நிறையச் சனம். மின்னறை நெருப்புப் பிடிக்கிறதெண்டா அண்டைக்குத்தான் பிடிக்கும். நான் சொன்னன், "இண்டைக்கே மாத்துவம். வால்வையும் தகட்டையும் இங்க இருந்து கழட்டி ஒட்டறைக்கே கொண்டு போவம். தகட்டுக் குழாயைக் கூரைக்கு மேலால விடுவம். பிறகு இந்த அறைக்கு மேல போற பைப்புக்குள்ள ஒண்டும் அடைபட்டு நிக்காது. ஆனா இந்தச் சீலிங்கை உடைக்கவேணும்."

அப்பத்தான் மனிசனுக்குக் கோவம் வந்தது. "நாளைக்குக் கல்யாணம், இன்னைக்குப் பொண்ணு ரூம் சீலிங்கை உடைக்கிறதா? அபசகுனம்மா. என் வாயால அதைச் சொல்ல மாட்டேன்."

நான் வாயைத் திறக்க முதல், பின்னால ஒரு குரல். "நான் சொல்றேன். உடைங்க."

மகள். இரண்டு கையும் முழங்கை மட்டும் பச்சை மருதாணி, காயிறதுக்காக முன்னால நீட்டிக்கொண்டு நிக்கிறா. எப்ப வந்தவ எண்டு எனக்குத் தெரியாது. "கையில மருதாணி காயலை ஆன்ட்டி. இல்லைன்னா நானே ஏறி உடைச்சிருப்பேன்" எண்டா. தகப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு, சிவப்புக் கதிரையைத் தானே தூக்கி வெளியில வைச்சார்.

பிறகு பிடிச்சம் பாருங்கோ ஒரு பிடி. எனக்கு அண்டைக்கு வயசே மறந்துபோச்சு. சீலிங் ஓடுகள் இறங்குது, தூசி கொட்டுது, நான் ஏணியில. பழைய வால்வு இருந்த இடத்தை நிரப்ப ஒரு துண்டுப் பைப்புக்கு, முறுக்கிப் பூட்டப் புரி வெட்டவேணும். புரி வெட்டுற மெசின் கொந்தராத்துக்காரரின்ர ஒருகொடவத்தை யார்டில. சமன் தன்ர ஆளை அனுப்பினால், அங்க கன்டெய்னர் லொறியள் ரோட்டை மறிச்சு நிக்குதாம். போனுக்கு மேல போன். கடைசியில அந்தப் பெடியன் பைப்பைத் தோளில வைச்சு, லொறிக்கு இடையால நடந்து வந்து, த்ரீவீலில ஏறி வந்து சேர்ந்தான். பின்னேரத்துக்குள்ள பூட்டி, காத்து அடைச்சு, ஒவ்வொரு மூட்டுக்கும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தம். ஒரு குமிழி வரேல்லை. எனக்குப் பாட்டுப் பாடவேணும் போல இருந்தது.

ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லவேணும். வால்வு இப்ப மின்னறை வாசலில இல்லை. உள்ளுக்குப் போறவன் எட்டி மூடேலாது, மற்றத் தொங்கலுக்கு நடக்கவேணும். மனிசன் நடப்பானோ? நடக்க மாட்டான். அதால மின்னறைச் சாவியைக் கொண்டுபோய் ஒட்டறையில வால்வின்ர பிடியிலயே கொளுவிவிட்டன். பிடியைத் திருப்பி மூடினால்தான் சாவி கழரும். சமனிட்டச் சொன்னன், "வால்வு மூடாமல் சாவி ஆருக்கும் இல்லை. சாமி வந்து கேட்டாலும் இல்லை." முதலாளியிட்டயும் சொன்னன், "மின்னறைக்குப் புகை வேண்டாம், வாசலில நிண்டு கற்பூரத்தைக் காட்டினால் போதும்." அவர் தலையாட்டினார். சீலிங் ஓட்டைக்கு மகள் ஒரு சிவப்புப் பட்டுச் சேலையைக் கட்டச் சொல்லிப்போட்டா. முந்தியிருந்ததைவிட வடிவா இருந்தது.

அடுத்த நாள் என்னையும் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்தினம். நல்ல சேலை உடுத்து, வேளைக்கே போனன். மேளம் தொடங்கியிட்டுது. மணப்பெண் அறைக்குள்ள மகளுக்குத் தலை பின்னுறாங்கள். நான் வாசலில நிண்டு அவவோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், சைரன் அடிக்குது.

என்ன நடந்ததெண்டு பிறகுதான் தெரியும். முதலாளி மின்னறைக்கும் வந்திருக்கிறார். கற்பூரத்தோட இல்லை, தூபக்காலோட. பழகின கை, ஒவ்வொரு அறையாக் காட்டிக்கொண்டு வந்தது, இதில மட்டும் எப்பிடி நிக்கும்? சாவி கேட்டிருக்கிறார். சமன் வால்வைத் திருப்பி மூடி, சாவியைக் கழட்டிக் கொண்டுபோய் திறந்து விட்டிருக்கிறார். திறந்த பிறகுதான் முதலாளியின்ர கையில தூபக்கால் புகையிறதைக் கண்டவர். அதுக்குள்ள புகை மேல போயிட்டுது. முதலாளியை இடுப்பில பிடிச்சு வெளியில இழுத்திருக்கிறார்.

நான் நிண்ட இடத்துக்குச் சமனின்ர குரல்தான் கேட்டது, அவசரத்தில சிங்களத்தில. "வஹலா மிஸ், வால்வ் வஹலா." மூடியாச்சாம். உடன பின்பக்கத்தில 'திடும்' எண்டு ஒரு சத்தம். சிலிண்டர் திறந்திட்டுது.

நான் மேல பார்த்தன். சிவப்புப் பட்டுச் சேலை. அதுக்கு மேல என்ர பைப். எனக்குத் தெரியும் அது வெறுமை எண்டு. நானே ஏணியில ஏறி நிண்டு பார்த்தது. ஆனாலும் கதவை அகலத் திறந்து பிடிச்சன்.

"எழும்பி வாங்கோ பிள்ளை. எல்லாரும் வெளியில."

மகள் கண்ணாடியில என்னைப் பார்த்தா. "நேத்து மாத்திட்டீங்களே ஆன்ட்டி. இப்போ பத்திரம்னீங்களே."

"ஓம், பத்திரம்தான். வாங்கோ."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், பிள்ளையள். உங்கட பைப்பை நம்புங்கோ. நம்பாட்டிக் கீறாதையுங்கோ. ஆனா அதுக்குக் கீழ ஒரு ஆளை இருத்தி வைச்சு நம்பாதையுங்கோ.

பாதி பின்னின தலையோட, உடுத்திருந்த பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அவ வந்தா. ஹேர்பின்னை வாயில கடிச்சபடி மேக்கப்காரப் பிள்ளை பின்னால. ஒட்டறைக்கு ஒருத்தரும் கிட்டப் போகாமல் சமன் மறிச்சு நிண்டார். நான் சனத்தை முன் முற்றத்துக்கு எடுத்தன், கூரைக் குழாய்க்கு எதிர்ப்பக்கம். மேளகாரர் வாசிக்கிறதா விடுறதா எண்டு தெரியாமல் மெல்ல வாசிச்சுக்கொண்டு நிண்டினம். காலமை வெயில் தகரத்தில ஏறிக்கொண்டிருந்தது. நான் காத்துக்கொண்டு நிண்டன். அந்தத் தகட்டுக்கு நான்தான் இடம் குடுத்தனான், அது தன்ர வேலையைச் செய்யும் எண்டு எனக்குத் தெரியும்.

செய்தது. மண்டபத்தின்ர பின்பக்கக் கூரைக்கு மேலால, சீறிக்கொண்டு, வெள்ளை வெளேரெண்டு, தென்னை உயரத்துக்கு. துறைமுகப் பக்கத்துக் காத்து அதை அப்பிடியே வானத்தோட இழுத்துக்கொண்டு போச்சு. சனம் கை தட்டிச்சுது. வீடியோக்காரன் ஓடி வந்து, "ஆன்ட்டி, தாலி கட்டேக்க இன்னொருக்கா விடேலுமோ" எண்டு கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

மகள் கை தட்டேல்லை. அந்த வெள்ளையைக் கடைசி மட்டும் பார்த்துக்கொண்டு நிண்டா. நிறைய நேரம் போச்சு, அவ்வளவு வாயு. முடிஞ்ச பிறகு என்னைக் கேட்டா, "இவ்வளவும் அந்த ரூமுக்குள்ளேயா?"

"ஓம்" எண்டன்.

அவ திரும்பினா. முற்றத்து ஓரத்தில தகப்பன் நிக்கிறார், சமன் இழுத்ததில தோளில சால்வை இல்லை. தூபக்கால் இன்னும் கையில புகைஞ்சுகொண்டிருக்குது. அவர் கேட்டுக்கொண்டுதான் நிண்டவர்.

"அப்பா, அதைக் கீழ வைங்க" எண்டா மகள்.

அவர் குனிஞ்சு வைச்சார். பிறகுதான் அழுதார்.